நுரையீரல் ஸ்கேன் மேசையில் நான் கேட்கும் கேள்விகள்

அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்டாகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மருந்தைத் தயார் செய்வது, ஊசி போடுவது, உடலிலிருந்து வரும் கதிர்வீச்சைப் படமாக்கும் காமா கேமராவின் கீழே நோயாளியைப் படுக்கவைத்துப் படம் எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது டாக்டரின் வேலை. எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன் போன்றவற்றுக்கு ஆட்கள் முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு நிதானமாக வருவார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வருபவர்கள் அப்படி இல்லை. திடீரென்று மூச்சு வாங்கி, நெஞ்சில் குத்தல் எடுத்து, ஆக்சிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் வருவார்கள். கூட வரும் குடும்பத்தாருக்குக் கேட்க நிறைய இருக்கும், கேட்க நேரம் இருக்காது. எனக்கும் விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலும் காலின் ஆழமான ரத்தக் குழாய்களில் உறைந்த ரத்தம் பிய்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியில் சிக்கிக்கொள்கிறது. இதற்குப் பல்மனரி எம்போலிசம் என்று பெயர். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, படபடப்பு, சில சமயம் இருமலில் ரத்தம். இதே தொல்லைகள் நிமோனியாவிலும் வரும், ஆஸ்துமாவிலும் வரும், இதயக் கோளாறிலும் வரும். கட்டியைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கட்டி இல்லாதவருக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தால் வேண்டாத ரத்தக் கசிவு வரலாம். இரண்டு பக்கமும் விலை கொடுக்க வேண்டியிருப்பதால்தான் இந்த நோயில் 'எதற்கும் மருந்து கொடுத்துவிடலாம்' என்று சும்மா இருக்க முடிவதில்லை. நிச்சயம் தெரிய வேண்டும்.

இன்று பெரும்பாலான இடங்களில் இதற்கு முதலில் எடுப்பது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய சி.டி. ஸ்கேன். வேகமானது, இரவிலும் கிடைக்கும், நுரையீரலில் வேறு நோய் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். எங்களிடம் வருபவர்கள் சி.டி. ஒத்துவராதவர்கள். அயோடின் கலந்த அந்த மருந்து முன்பு கடும் ஒவ்வாமையை உண்டாக்கியவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், கர்ப்பிணிகள், மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருக்கும் இளம் பெண்கள். அப்புறம் ஏற்கெனவே கட்டி வந்து மாதங்கள் ஆகியும் மூச்சு சீராகாதவர்கள். 'சி.டி. எடுக்க வசதி இல்லாமல் இங்கே அனுப்பிவிட்டார்களா?' என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. உங்களுக்கு இதுதான் பொருத்தமானது என்று யோசித்து அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த ஸ்கேனை வி/க்யூ ஸ்கேன் என்பார்கள். இரண்டு படங்கள் எடுக்கிறோம். ஒன்று நுரையீரலுக்குள் காற்று எங்கெல்லாம் போகிறது என்று காட்டும். மற்றொன்று ரத்தம் எங்கெல்லாம் போகிறது என்று காட்டும். கட்டி அடைத்த இடத்தில் காற்று வழக்கம் போலப் போகும், ரத்தம் மட்டும் போகாது. வாய்க்காலில் மண் சரிந்தால் அதற்குக் கீழே இருக்கும் பாத்தி மட்டும் காய்ந்து கிடப்பதைப் போல, அடைபட்ட குழாய் எந்தப் பகுதிக்கு ரத்தம் கொடுத்ததோ அந்தப் பகுதி முழுதும் ஆப்பு வடிவில் படத்தில் வெறுமையாகத் தெரியும். இரண்டு படமும் பொருந்தாத அந்த இடத்தைத்தான் டாக்டர் தேடுகிறார். நிமோனியாவிலும் நாள்பட்ட மூச்சுக்குழல் நோயிலும் பெரும்பாலும் காற்றும் குறையும், ரத்தமும் குறையும். இரண்டும் ஒரே இடத்தில் குறைந்தால் சந்தேகம் கட்டியை விட்டு விலகும். கட்டியை நேராகப் பார்ப்பது சி.டி. நாங்கள் பார்ப்பது அந்தக் கட்டியால் நுரையீரலுக்கு என்ன ஆயிற்று என்பதை.

இப்போது மேசைக்கு வருவோம். முதலில் காற்றுப் படம். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து மூச்சு விடச் சொல்வோம். குழாய் வழியாக வருவது மிக நுண்ணிய துகள்களாக்கப்பட்ட, கதிர்வீச்சு வெளியிடும் டெக்னீசியம் மருந்து. சில இடங்களில் டெக்னிகாஸ் இருக்கும். அது 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவானது, கிராஃபைட் கிண்ணத்தில் டெக்னீசியத்தை வைத்து 2,500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்கி எடுக்கும் கரித்துகள் புகை. சில இடங்களில் செனான் வாயு, சில இடங்களில் கிரிப்டான். எதுவாக இருந்தாலும் நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே: உதட்டைக் குழாயைச் சுற்றி இறுக்கி, சொல்கிறபடி மூச்சை இழுப்பது. ஏற்கெனவே மூச்சுத் திணறுபவருக்கு மூக்கையும் அடைத்தால் பயம் வருவது இயல்புதான். அதனால் நான் மருந்தைத் திறப்பதற்கு முன்பே வெறும் குழாயில் சில தடவை பழகவைத்துவிடுவேன். 'கையைத் தூக்கினால் உடனே எடுத்துவிடுவேன்' என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இது நடக்காத இடத்தில் நீங்களே கேளுங்கள்: 'ஒரு தடவை சும்மா மூச்சு விட்டுப் பார்க்கலாமா?' யாரும் மறுக்கமாட்டார்கள்.

அடுத்தது ரத்தப் படம். இதற்கு ஊசி. மனித ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைச் சிறு துகள்களாகத் திரட்டி, அதில் டெக்னீசியத்தை ஒட்டவைத்திருப்போம். பெரும்பாலான துகள்கள் 10 முதல் 90 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான்). நுரையீரலின் மிகச் சிறிய குழாய்களை விடச் சற்றுப் பெரியவை என்பதால் முதல் சுற்றிலேயே அங்கே தங்கிவிடும். ரத்தம் போகும் இடங்களில் மட்டும் தங்கும், அதுதான் படம்.

இதைக் கேட்டதும் ஒரு பெரியவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, அடைப்பு இருக்கான்னு பார்க்கறதுக்கு நீங்களே இன்னும் அடைக்கறீங்களா?" மிகச் சரியான கேள்வி. நாங்கள் செலுத்துவது சாதாரணமாக 2 லட்சம் முதல் 7 லட்சம் துகள்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் நுரையீரலில் அந்த அளவுள்ள குழாய்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் 1,000த்தில் ஒன்றுக்கும் குறைவானதில்தான் துகள் தங்குகிறது. சில மணி நேரத்தில் துகள்கள் உடைந்து கரைந்து போய்விடும். அவரிடம் இதைச் சொன்னதும் கையை நீட்டினார்.

இதனால்தான் ஊசிக்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். நுரையீரலில் ரத்த அழுத்தம் அதிகம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? இதயத்தில் ஓட்டை இருக்கிறதா? முதலாவது இருந்தால் மிச்சமிருக்கும் குழாய்கள் குறைவு. இரண்டாவது இருந்தால் துகள்கள் நுரையீரலைத் தாண்டி மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகக்கூடும். இவை இருந்தால் ஸ்கேன் எடுக்கவே முடியாது என்றில்லை. துகள்களின் எண்ணிக்கையைக் குறைத்துத் தயார் செய்வோம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான். ஆனால் எங்களுக்குத் தெரிந்தால்தானே குறைக்க முடியும்?

ஊசி பற்றி அடிக்கடி வரும் மனத்தாங்கல் ஒன்று: 'கையில் ஏற்கெனவே ஊசி இருக்கிறதே, மறுபடி ஏன் குத்துகிறீர்கள்?' இருக்கிற குழாயில் ஃபில்டர் இருந்தால் துகள்கள் அதிலேயே நின்றுவிடும். குழாயின் சுவரில் சின்னதாக ரத்தம் உறைந்திருந்தால் துகள்கள் அதில் ஒட்டி, பிறகு உருண்டையாகப் போய் நுரையீரலில் பளிச்சென்று ஒரு புள்ளியாக உட்காரும். அதே காரணத்துக்காகத்தான் மருந்து ஏற்றும்போது ரத்தத்தைச் சிரிஞ்சுக்குள் அதிகம் இழுக்கமாட்டோம். படம் கெட்டால் முடிவு கெடும். ஒரு கூடுதல் குத்தலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

ஊசி போடும்போது படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் புவியீர்ப்பால் ரத்தம் அடிப்பக்கத்துக்கு அதிகம் போய், மேல்பக்கம் குறைவாகத் தெரியும். ஒரு தடவை இருமச் சொல்லி, ஆழமாக மூச்சு விடச் சொல்லி, நிதானமாக ஏற்றுவோம். படுக்கவே முடியாதவர்களுக்கு முதுகில் தலையணை வைத்துச் சாய்த்துப் போட்டு, அதைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்வோம். அப்புறம் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிவைத்துப் பல கோணங்களில் படம், அல்லது கேமரா உடலைச் சுற்றிவரும் ஸ்பெக்ட் முறை. ஸ்பெக்டில் முப்பரிமாணமாகத் தெரிவதால் சின்னப் பகுதிகளும் தப்பாது, முடிவு சொல்ல முடியாத ரிப்போர்ட்டுகளும் குறையும். உங்கள் இடத்தில் அந்த வசதி இருந்தால் நல்லது. தோள்பட்டை வலி இருப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், துணியை மடித்துக் கைக்கு முட்டுக் கொடுக்கலாம். பாதியில் கை இறங்கினால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

இதுவரை சொன்னதெல்லாம் எங்கள் கையில் இருப்பது. இனிச் சொல்லப்போவது உங்கள் கையில் இருப்பது.

இந்த ஸ்கேன் தனியாகப் பேசாது. 1990இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பயோபெட் என்ற ஆய்வின் முடிவுகள் வெளியாயின. ஸ்கேன் பார்ப்பதற்கு முன்பே, நோயாளிக்குக் கட்டி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று டாக்டர்களைக் கணிக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்கேனில் வந்ததையும், நுரையீரல் ரத்தக் குழாய்களை மருந்து ஏற்றிப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் வந்ததையும் ஒப்பிட்டார்கள். ஸ்கேனும் 'வாய்ப்பு அதிகம்', டாக்டரின் கணிப்பும் 'வாய்ப்பு அதிகம்' என்றால் 96 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது. அதே ஸ்கேன் முடிவு, ஆனால் டாக்டரின் கணிப்பு 'வாய்ப்பு குறைவு' என்றால் 56 சதவீதம்தான். இன்னொரு பக்கம் இதைவிடப் பதறவைப்பது. ஸ்கேனில் 'வாய்ப்பு குறைவு' என்று வந்தும், டாக்டர் பலமாகச் சந்தேகப்பட்டவர்களில் 40 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது. இரண்டுமே குறைவு என்றால் 4 சதவீதம்.

அந்தக் காலத்துப் பிரிவுகள் இப்போது நிறைய மாறிவிட்டன. படமும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் எண்களுக்குப் பின்னால் இருக்கும் விஷயம் மாறவில்லை. ஒரே படத்துக்கு ஒருவர் விஷயத்தில் ஒரு பொருள், இன்னொருவர் விஷயத்தில் வேறு பொருள். அந்தப் பொருளைத் தீர்மானிப்பது நீங்கள் சொன்ன கதை. முழுவதும் சரியாக இருக்கும் ரத்தப் படம் மட்டும் இதற்கு ஏறக்குறைய விதிவிலக்கு. அது வந்தால் கட்டி இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். மற்ற எல்லாவற்றிலும் உங்கள் கதை வேண்டும்.

ஒருவர் மேசையில் படுத்திருந்தபோது காலை நேராக நீட்ட முடியாமல் முகம் சுளித்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, கெண்டைக்கால்ல சுளுக்கு. கொஞ்ச நாளாவே இருக்கு" என்றார். போர்வையை விலக்கிப் பார்த்தால் ஒரு கால் மற்றதை விட நன்றாக வீங்கியிருந்தது. மூச்சுக்காகத்தானே வந்தோம், காலைப் பற்றி எதற்குச் சொல்வது என்று வார்டில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் உடனே டாக்டரிடம் சொன்னேன், படிவத்திலும் எழுதினேன். அவருடைய ஸ்கேன், கட்டி இருக்கிறது என்றும் சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத வகையில்தான் வந்தது. காலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். தொடையில் கட்டி இருந்தது. காலில் கட்டி என்றாலும் நுரையீரலில் கட்டி என்றாலும் தொடங்க வேண்டிய மருந்து ஒன்றுதான், அன்றைக்கே தொடங்கினார்கள். அன்று வழி காட்டியது அந்தச் சுளுக்குதான்.

ஆகவே, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, கட்டுப் போட்டு அசையாமல் இருந்தீர்களா, முன்பு எப்போதாவது ரத்தக்கட்டி வந்ததா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, இருமலில் ரத்தம் வந்ததா, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறீர்களா. கனடாவைச் சேர்ந்த பிலிப் வெல்ஸ் என்ற மருத்துவர், கட்டி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்க உருவாக்கிய வெல்ஸ் ஸ்கோரில் இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் அதற்கும் உண்டு. கருத்தடை மாத்திரை, நீண்ட நேரப் பயணம், குடும்பத்தில் யாருக்காவது கட்டி வந்திருப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டியவை. பெண்கள் மாத்திரை விஷயத்தை மாமியார் முன்னாலோ தகப்பனார் முன்னாலோ சொல்லத் தயங்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஸ்கேன் அறைக்குள் உங்களோடு வந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அங்கே என்னிடம் சொன்னாலும் போதும், அது சேர வேண்டிய இடத்தில் சேரும்.

ஸ்கேனுக்கு முன்பு டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை செய்திருக்கலாம். சந்தேகம் குறைவாக இருந்து இதுவும் இயல்பாக வந்தால் ஸ்கேனே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அது அதிகமாக வந்தால் கட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. கர்ப்பம், காய்ச்சல், அறுவை சிகிச்சை, வயது என்று பல காரணங்களால் கூடும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வருபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

'முடிவு சொல்ல முடியவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அது ஒரு நேர்மையான பதில். அடுத்து கால் அல்ட்ராசவுண்டோ, முடிந்தால் சி.டி.யோ பார்ப்பார்கள். நுரையீரலில் ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். ஸ்கேனோடு மார்பு எக்ஸ்ரேயும் அன்றைக்கோ முந்தைய நாளோ எடுத்ததாகக் கேட்பது இதற்காகத்தான், வேறு காரணம் எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடலாம்.

ரிசல்ட் வருவதற்கு முன்பே, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டால் 'கண்டுபிடிக்காமலேயே மருந்தா?' என்று சண்டைக்குப் போக வேண்டாம். சந்தேகம் பலமாக இருந்தால் காத்திருப்பதுதான் ஆபத்து. அதே சமயம் ஸ்கேனை நாட்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. மருந்து தொடங்கிய பிறகு கட்டி கரையத் தொடங்கும், நாட்கள் போகப்போகப் படம் தேறிக்கொண்டே வரும், முதலில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாமல் போகும். இரவில் ஏன் எடுப்பதில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். டெக்னீசியத்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. 6 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும். டெக்னீசியமாக மாறும் மாலிப்டினம் அடைத்த ஜெனரேட்டர் என்ற கருவியிலிருந்து அன்றன்றைக்குக் கறக்க வேண்டும். அந்த மாலிப்டினமும் 66 மணி நேரத்தில் பாதியாகும். அதைத் தயாரிக்கும் அணு உலைகள் உலகத்திலேயே சிலதான். 2009இல் கனடாவின் சாக் ரிவர் உலை நின்றபோது பல நாடுகளில் இந்த ஸ்கேன்கள் தடைப்பட்டன.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது குழந்தைக்குப் பயந்து ஸ்கேனைத் தவிர்ப்பது தாய், குழந்தை இருவருக்கும் ஆபத்து. வயிற்றில் உள்ள குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு இந்த ஸ்கேனிலும் சரி, சி.டி.யிலும் சரி, மிகக் குறைவு. தாயின் மார்பகத்துக்குப் போவது சி.டி.யை விட இதில் குறைவு. பெரும்பாலும் பாதி அளவு மருந்தோடு ரத்தப் படத்தை மட்டும் முதலில் எடுப்போம். அது சரியாக இருந்தால் அத்தோடு முடிந்தது, காற்றுப் படமே வேண்டாம். முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், மருந்து சிறுநீர்ப்பையில் தங்காமல் போகும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் சுமார் 12 மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்லப்படுகிறது. ஸ்கேனுக்கு வருவதற்கு முன்பே பாலைப் பிழிந்து எடுத்துவைத்துவிட்டு வந்தால் குழந்தை அழ வேண்டியதில்லை. இடையில் பிழிவதைக் கொட்டிவிடலாம்.

மற்றவர்களுக்குக் கதிர்வீச்சு 1 முதல் 3 மில்லிசீவெர்ட் அளவில் இருக்கும். இயற்கையாகவே உலகத்தில் ஒருவர் ஒரு வருடத்தில் பெறுவது சராசரியாக 2.4. மறுநாள் இதே நேரத்தில் உடலில் இருக்கும் டெக்னீசியம் 16இல் ஒரு பங்குக்கும் குறைவு. வீட்டுக்குப் போய் எல்லாரோடும் சாப்பிடலாம், பேசலாம்.

கடைசியாக, கட்டி உறுதியாகி மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு. குறைந்தது 3 மாதம் மருந்து இருக்கும். அதன் பிறகும் மாடி ஏறினால் இரைக்கிறது, முன்பு போல நடக்க முடியவில்லை என்றால் 'நோய் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு சிலருக்குக் கட்டி முழுதும் கரையாமல் தழும்பாகி, நுரையீரல் தமனியில் அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது. நாளடைவில் இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க முதலில் செய்ய வேண்டியது சி.டி. அல்ல, இந்த வி/க்யூ ஸ்கேன்தான். இது சரியாக இருந்தால் அந்த நோய் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இருந்தால் வழி உண்டு. தழும்பை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சை, பலூன் சிகிச்சை, ரியோசிகுவாட் போன்ற மாத்திரைகள்.

இப்படி வந்த ஒரு பெண்மணியை நினைவிருக்கிறது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையும், பயம் என்று ஆறுதலும் கொடுத்து எங்கெங்கோ அனுப்பியிருந்தார்கள். மகள்தான் விடாமல் எங்களிடம் கூட்டிவந்தார். கையில் பழைய வி/க்யூ ஸ்கேனின் படங்கள் பதிந்த வட்டையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முதலில் வெறுமையாக இருந்த பகுதிகளில் சில அப்படியே இருந்தன. புதிய கட்டியா, கரையாத பழைய கட்டியா என்று அங்கேயே பிரித்துச் சொல்ல முடிந்தது. அந்தப் பழைய படம் இல்லாவிட்டால் டாக்டரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அதனால் ஸ்கேன் முடிந்து போகும் எல்லாரிடமும் படங்களின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. 3 மாதம் முடிந்து டாக்டரைப் பார்க்கும்போது அதையும் கொண்டுபோங்கள், முன்பு எவ்வளவு தூரம் நடந்தீர்கள், இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், 'மறுபடி ஒரு நுரையீரல் ஸ்கேன் தேவைப்படுமா?' என்று நேராகவே கேளுங்கள்.